இளஞ்சிவப்புப் புள்ளிகள்

திங்கட்கிழமை காலையில் மாமனாரின் வயிற்றிலிருந்து வடிந்து வந்த தண்ணீர் கலங்கியிருந்தது.

மருமகன் பையை ஜன்னலோரம் எடுத்துப் போய், ஒரு பழைய செய்தித்தாளின் மேல் படுக்க வைத்துப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த சோதனை அது. பைக்குக் கீழே இருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் கவலையில்லை. இன்று தலைப்பில் இருந்த பெரிய எழுத்துகள் மட்டும்தான் தெரிந்தன. மற்றதெல்லாம் பால் கலந்த தண்ணீரில் மூழ்கியதுபோல் மங்கியிருந்தது. பையைத் திருப்பிப் போட்டான். தாளை மாற்றிப் பார்த்தான்.

"என்ன டெய்லர், சத்தத்தையே காணோம்?" கட்டிலிலிருந்து கேட்டார் மாமனார்.

"ஒண்ணுமில்ல மாமா. வயிறு வலிக்குதா?"

"நேத்துலேர்ந்து லேசா. சொன்னா நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுவேன்னு சொல்லல."

அவர் முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இரைச்சலுக்கு நடுவிலேயே வாழ்ந்ததால் ரகசியம் பேசினாலும் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். சர்க்கரை நோய் முதலில் கண்ணை எடுத்தது, அப்புறம் சிறுநீரகத்தை எடுத்தது. இதயமும் பலவீனம் என்பதால், இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்வதைவிட வயிற்று வழி டயாலிசிஸ்தான் நல்லது என்றார் டாக்டர். வயிற்றில் நிரந்தரமாக ஒரு குழாய். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும், நாலைந்து மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. வீட்டிலேயே செய்யலாம். கண் தெரிந்திருந்தால் அவரே செய்துகொள்வார்.

கண் தெரியாததால் மருமகன் செய்தான். அவன் மனைவிக்குத் தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை, காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவாள். மகள் வெளியூரில் படித்தாள். வீட்டில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைப்பவன் அவன்தான். "நீங்கதான் வீட்லயே இருக்கீங்களே" என்று மைத்துனர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். ஒன்றரை வருடம் ஆயிற்று. மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். தன் மகள் தானாகத் தேடிக்கொண்ட ஆள் என்பதால் இருபத்திரண்டு வருடமாக அவர் அவனை டெய்லர் என்றே அழைத்து வந்தார்.

வெளியூரில் படிக்கும் மகளின் அறைதான் இப்போது டயாலிசிஸ் அறை. அவள் பள்ளி நாள்களில் ஒட்டிய ஸ்டிக்கர்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி கொடுத்த விதிமுறைத் தாள். ஜன்னலைச் சாத்து. மின்விசிறியை நிறுத்து. முகக்கவசம் போடு. கையை இரண்டு நிமிடம் கழுவு. மூன்று மாதம் முன்பு ஒரு முறை தண்ணீர் கலங்கியது. தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமிதான், பயமில்லை என்றார்கள். மருந்தில் சரியாகியும்விட்டது. ஆனால் மைத்துனர் போனில் தங்கையிடம் சொன்னது அவன் காதிலும் விழுந்தது: "கையை ஒழுங்கா கழுவியிருக்க மாட்டாரு. துணி, நூலு, எண்ணெய்னு மெஷின்ல கெடக்குற கை."

அன்றிலிருந்து இரண்டு நிமிடத்தை நான்கு நிமிடமாக்கினான். விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. சீருடைத் துணியைத் தடவும்போது வெடிப்பில் இழை மாட்டிக்கொண்டு இழுத்தது. தையல்காரனுக்கு அது பல்லில் கல் கடிபடுவது மாதிரி.

இப்போது இரண்டாவது முறை. கலங்கிய பையை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மாமனாரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினான்.

வயிற்று டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரே ஒரு சிஸ்டர். ஐம்பது வயதிருக்கும். எண்பது நோயாளிகளின் வயிறும் அவர் தலையில். பையைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"மறுபடியுமா?"

"நான் கைய நல்லா..."

"நான் ஒண்ணும் கேக்கலியே. உக்காருங்க."

தண்ணீரில் கொஞ்சம் பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. மருந்துத் தண்ணீரோடு கலக்க ஊசி மருந்துகளைக் கொடுத்து, எப்படிக் கலப்பது என்று காட்டி, தினமும் ஒரு பையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தான். தண்ணீர் தெளியவில்லை. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. வெட்டிய துணி மேஜைமேல் அடுக்கியபடி கிடந்தது.

வியாழக்கிழமை மாலை சிஸ்டர் போனில் கூப்பிட்டார்.

"கிருமி வளந்திருக்கு. ஆனா இங்க யாருக்கும் அடையாளம் தெரியல. தட்டுல சின்னச் சின்னதா இளஞ்சிவப்புப் புள்ளியா வந்திருக்காம். பெரிய லேபுக்கு அனுப்பிக் கேட்டிருக்காங்க. ரோசியோமோனாஸ்னு ஒண்ணு. நானே ரெண்டாவது தடவையாத்தான் கேள்விப்படறேன்."

"அது எங்கேர்ந்து சிஸ்டர் வருது?"

"தண்ணியிலேர்ந்து. குழாய்த் தண்ணி, தொட்டித் தண்ணி. நாளைக்கு நான் வீட்டுக்கு வந்து பாக்கட்டுமா?"

"வாங்க" என்றான். சிஸ்டர் போனை வைத்த பிறகும் அவன் தன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு சிஸ்டர் வந்தார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், மகளின் படிப்பு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்தார்.

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கிட்டு செய்ங்க."

அவன் செய்தான். ஜன்னலைச் சாத்தினான், விசிறியை நிறுத்தினான், மேஜையைத் துடைத்தான், முகக்கவசம் கட்டினான். கை கழுவும்போது சிஸ்டர் பின்னாலேயே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒற்றிய துண்டு சுத்தம். குழாயின் மூடியைக் கழற்றிப் பையை மாட்டியபோது நுனி எதிலும் படவில்லை. ஊசியில் நூல் கோக்கும் கை அது, நடுங்கவில்லை. பழைய தண்ணீர் வடிந்து முடிந்து, புதுத் தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கத் தொடங்கியது.

"எதுலயும் குறை இல்லியே" என்றார் சிஸ்டர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "புதுசா பயிற்சிக்கு வர்றவங்களுக்கு உங்களத்தான் காட்டணும்."

அப்போது மாமனார் உடம்பை உதறிக்கொண்டார்.

"என்ன டெய்லர், இன்னிக்கு ஐஸ் மாதிரி இறங்குது? உன் வாளி என்னாச்சு?"

"எந்த வாளி?" என்றார் சிஸ்டர்.

அவன் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிடறேன் சிஸ்டர்" என்றான்.

பையை இதமாகச் சூடாக்குவதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு மின்சார விரிப்பு கொடுத்திருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு அது எரிந்துபோயிற்று. வேறு வாங்க நேரில் போக வேண்டும், பழையதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டான். அதற்குள் குளிர் வந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் இறங்கும்போது மாமனாரின் தாடை கிடுகிடுவென்று ஆடியது. ஒரு நாள் குளியலறையில் வாளி நிறைய வெந்நீர் பிடித்து அதில் பையைப் போட்டான். முதலில் மேலுறையோடுதான் போட்டான். உறையோடு போட்டால் சூடேற அரை மணி நேரம் ஆனது. உறையைக் கிழித்துவிட்டுப் போட்டால் பத்தே நிமிடம். எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மாட்டினான். ஆனால் பையின் குழாய் நுனி இருக்கும் இடுக்கு ஒன்று உண்டு, அதற்குள் எந்தத் துணியும் போகாது.

"தண்ணியில போடக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"இன்னிக்கு மட்டும் ஏன் போடல?"

காலையிலேயே வாளியைக் கவிழ்த்து வைத்து, துடைக்கும் துணியைத் துவைத்து மாடியில் காயப் போட்டிருந்தான். மறைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு சிஸ்டர்" என்றான். அவன் சொல்ல நினைத்தது அதுவல்ல. வந்தது அதுதான். "நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ. ஒன்றரை வருஷமா. அந்த இருவது நிமிஷம் மிச்சமானா ரெண்டு காலர் தச்சிடலாம்னு..."

கட்டிலில் மாமனார் அசையாமல் கிடந்தார்.

சிஸ்டர் திட்டவில்லை. குளியலறைக்குப் போய் வாளியை நிமிர்த்திப் பார்த்தார். வெந்நீர்க் குழாயின் வாய்க்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்து, ஒரு சின்னக் குப்பியில் போட்டு மூடினார்.

"வழக்கமா வர்ற கிருமி கையிலேர்ந்தோ தோல்லேர்ந்தோ வரும். இந்த மாதிரி யாரும் கேள்விப்படாதது வந்தா வீட்டுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஒரு அம்மா வீட்டுல பூனை குழாயக் கடிச்சு வெளையாடியிருந்துச்சு. பல் பட்ட ஓட்டை கண்ணுக்கே தெரியல. இன்னொருத்தர் பூந்தொட்டி மண்ணக் கிளறிட்டு வந்து மாட்டியிருக்காரு. யாரும் வேணும்னு பண்ணல" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. இது குழாயோட உள் பக்கம் பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு உக்காந்துக்கும். மருந்துக்கு அசையாது. டாக்டர் குழாய எடுத்துடலாம்னுதான் சொல்வாரு."

"எடுத்துட்டா?"

"வயிறு ஆற வரைக்கும் மிஷின்லதான்."

அன்று மாலை மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"விரிப்பு எரிஞ்சுபோச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? என் ஆபீஸ்லேர்ந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்."

"நீயே வர்றப்ப அசந்து போய் வர்ற."

"அதுக்காக? நான் அசந்து போயிருக்கேன்னு நீங்க சொல்லல, நீங்க அசந்து போயிருக்கீங்கன்னு நான் கேக்கல. நடுவுல அப்பா வயித்துல கிருமி." சுவரில் சாய்ந்தாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மைத்துனருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவள் போன் செய்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன். சுத்தம்னா என்னன்னே தெரியாதவங்ககிட்ட அப்பாவ விட்டா..."

"டேய்!" என்று கட்டிலிலிருந்து ஒரு சத்தம். மேஜைமேல் போனே அதிர்ந்தது. "நான்தான்டா வாளியில போடச் சொன்னேன். அவன் மாட்டேன்னான். குளுருது, போடுறியா இல்லியான்னு கத்துனேன். போட்டான். போதுமா?"

அது உண்மையில்லை. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, நடுங்கினார், அவ்வளவுதான். மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் மூச்சு மாறியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் பக்கம் கையை நீட்டி முஷ்டியை மூடிக் காட்டினார். கிரேனை அசைக்காமல் நிறுத்தச் சொல்லிக் கீழேயிருந்து காட்டும் சைகை அது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை குழாயை எடுத்தார்கள். கழுத்தில் வேறொரு குழாய் வைத்து, வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் சேர்த்தார்கள். குளியலறைக் குழாயில் எடுத்த பஞ்சிலும் அதே இளஞ்சிவப்புப் புள்ளிகள் வந்திருப்பதாக சிஸ்டர் பிறகு சொன்னார். கட்டடத்தின் மேல்தொட்டியைக் கழுவச் சொல்லிக் காவலாளியிடம் சொன்னான் மருமகன். குடியிருப்பவர்கள் எல்லாரும் அதே தண்ணீரில்தான் குளித்தார்கள், பல் தேய்த்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வயிற்றுக்குள் போனால்தான் அதற்குக் கொண்டாட்டம்.

ஆம்புலன்ஸ் வண்டி வந்து மாமனாரை அழைத்துப் போகும், ஐந்து மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து விடும். முதல் நாள் அவர் போனதும் அவன் மெஷினில் உட்கார்ந்து எழுந்திருக்காமல் பதினாறு பாவாடை தைத்தான். நிமிர்ந்து பார்த்தபோது மணி இரண்டு. அன்றைக்குக் கையை ஒரே ஒரு முறைதான் கழுவியிருந்தான். வெட்டும் மேஜையிலேயே துணிக்கட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தான். இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதும் உடம்பு கூசியது. ஒரு மனிதரின் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டு அதில் தூக்கம் சம்பாதிக்கிறோம் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான்.

இரண்டு வாரத்தில் விரல் வெடிப்புகள் ஆறிவிட்டன. சீருடைகளைச் சொன்ன நாளுக்குள் கொடுத்தான். பாட்டுக்கூட முணுமுணுத்தான் என்று மனைவி சொன்னாள்.

மாமனாருக்குத்தான் இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை. இரத்த அழுத்தம் சர்ரென்று இறங்கியது. காலில் நரம்பு இழுத்துக்கொண்டு துடித்தார். வீட்டுக்கு வரும்போது முகம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். மறுநாள் மதியம்வரை எழ மாட்டார். எழுந்து இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் அடுத்த நாளுக்கான வண்டி வந்துவிடும். முன்பெல்லாம் "இருவது டன் தூக்குன ஆளு நான், இப்ப ரெண்டு லிட்டர தூக்கிட்டுத் திரியறேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் வயிற்றைத் தட்டிக் காட்டுவார். இப்போது யாராவது வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது வீட்டுக்குக் கேட்ட குரல் இப்போது பக்கத்தில் நின்றாலும் கேட்கவில்லை.

"வலிக்குதா மாமா?" என்று ஒரு நாள் கால் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டான்.

"வலி கெடக்கட்டும். நாள்தான் எங்க போகுதுன்னு தெரியல."

ஆறு வாரம் கழித்து டாக்டர் எல்லாரையும் வரச் சொன்னார். மைத்துனரும் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வயிறு ஆறிவிட்டது, விரும்பினால் மறுபடி குழாய் வைக்கலாம் என்றார் டாக்டர். இதயம் இருக்கும் நிலைக்கு அதுதான் நல்லது.

"யாரு செய்வீங்க?"

அறையில் இருந்த எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பின. சிஸ்டர் மட்டும் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகன் தன் விரல்களைப் பார்த்தான். இழைத்த மரம்போல் வழவழப்பாக இருந்தன. மறுபடி நாலு மணி நேரம், மறுபடி சோப்பு, மறுபடி செய்தித்தாள். நெஞ்சில் யாரோ துணிக்கட்டை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"நான் செய்யறேன்" என்றான். "ஆனா ஞாயித்துக்கிழமை செய்ய மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமன்னு நோய்க்குத் தெரியுமா மச்சான்?" என்றார் மைத்துனர்.

"நோய்க்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? உங்களுக்கு அன்னிக்கு லீவு."

மாமனாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று டாக்டர் தண்ணீர் எடுக்கப் போனார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பயிற்சி" என்று சிஸ்டர் மைத்துனரின் பெயரை நோட்டில் எழுதினார். அவர் வருவதாகச் சொல்லவே இல்லை. "நீங்களும் வாங்கம்மா. ராத்திரிப் பைய நீங்க பாத்துக்கலாம்."

"வர்றேன்" என்றாள் மனைவி. "விரிப்பு எங்க வாங்கணும், அதச் சொல்லுங்க மொதல்ல." அன்றே வாங்கி, தபால் பையில் சுருட்டி வைத்து எடுத்து வந்தாள்.

பயிற்சி அறையில் துணியால் செய்த ஒரு பொம்மை வயிறு இருந்தது. அதில் தொங்கிய குழாயில் பையை மாட்டிக் காட்ட வேண்டும். மைத்துனர் முதல் முறை நுனியை விரலால் தொட்டார். "தொட்டுட்டீங்க. மொதல்லேர்ந்து" என்றார் சிஸ்டர். கை கழுவிவிட்டு வந்து, இரண்டாவது முறை சட்டைக் கையில் உரசினார். "மொதல்லேர்ந்து." மூன்றாவது முறை முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சந்தேகம் கேட்டார். "மொதல்லேர்ந்து." ஐந்தாவது முறை சரியாக மாட்டியபோது முதுகு முழுக்க நனைந்திருந்தது. வாசலில் நின்றிருந்த மருமகனிடம் வந்து கைகளை விரித்துக் காட்டினார். தோல் சிவந்திருந்தது.

"தெனம் நாலு தடவையா?" என்றார்.

"ஆமா மச்சான்."

கை கழுவுவதைப் பற்றி மைத்துனர் அதன் பிறகு எப்போதும் பேசவில்லை.

குழாய் வைத்துப் பதினைந்து நாள் கழித்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் ஏழு மணிக்கே வந்துவிட்டார். மருமகன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். எங்கே போவதென்று யோசித்து வைக்கவில்லை. வந்த பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கினான். கடைகள் பாதி சாத்தியிருந்தன. நான்கைந்து நிறுத்தம் போவதற்குள் போன் அடித்தது.

"மச்சான், ரொம்ப மெதுவா வடியுது. என்ன பண்ணட்டும்?"

"மாமாவ இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. குழாய் மடங்கியிருக்கான்னு பாருங்க."

"இடது பக்கம்னா அவருக்கு இடதா, எனக்கு இடதா?"

போனில் மைத்துனருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பேருந்தின் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. "டேய், போன வைடா. நானே திரும்பிப் படுத்துட்டேன்!"

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். மருமகன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இன்னும் இரண்டு பை இருந்தது மைத்துனருக்கு. இன்னும் எத்தனை தடவை கூப்பிடுவாரோ தெரியாது. கூப்பிட்டால் சொல்லிக் கொடுக்கலாம். தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடினான்.